எருக்கும் அதன் நிலமும்

சிவபெருமான் திருமுடிக்குரிய மலர்களுள் கொன்றையும் ஊமத்தையும் போல எருக்கும் ஒன்றாம். தரிசிலே தானே முளைக்கும் இப்புதர்ச்செடி அச்சிறப்பை எய்தியவாறு ஆராயத்தக்கது.

மடலேறுந் தலைவன் எருக்கங்கண்ணி சூடித் தெருவில் வருதல் குறுந்தொகையிற் கூறப்படும். அஃது ஊரார் ஆரவாரித்து நகைக்குங் கோலமாதலின், அம்மலர் அக்காலத்து எளிதாகவே மதிக்கப்பட்டதென்பது தெளிவு. ஆயினும், அவ்வெருக்கையே ஒருவர் சார்த்தினுங் கடவுளர் வேண்டாவென விலக்கார் என்னுங் கருத்தைப் புறநானூற்று 106-ஆம் பாட்டிற் கபிலர் எடுத்தாண்டு, பாரியின் கொடையை விளக்கினார். உலகம் எளிதென ஒதுக்கியதனை இறைவன் ஏற்பன் என்னுங் கொள்கை தேவார காலத்திற்கு முன்னரே தமிழகத்தில் உண்டென்பது இதனாற் பெறப்படும்.

இக்கொள்கைக்குத் திருஎருக்கத்தம்புலியூர் இலக்காய் நிற்கின்றது. இந்நாளில் இராசேந்திரப்பட்டினம் என வழங்கும் அத்தலத்திற்கு வெள்ளெருக்கே தலமரம். திருநீலகண்ட யாழ்ப்பாண நாயனார் அவதரித்த ஊரும் அதுவே. மதுரையில் திருவாயிலின் புறத்தே நின்று யாழிசைத்த அப்பெரியாரை உள்ளே கொணர்கவென இறைவனே தொண்டர்க்கு ஆணையிட்டருளியதைப் பெரியபுராணம் உரைக்கும். செடிக்கும் அடியார்க்கும் அருள்நெறி ஒன்றே என்க.

மலையாள நாட்டுப் பயிர்களை விளக்கிய ஓலாந்தர் பெருநூலின் 1679-ஆம் ஆண்டுத் தொகுதியில் எருக்கு நாட்டுப்பெயராலேயே இடம்பெற்றது; 1753-இல் இலின்னேயசு அதற்கு இலத்தீன் பெயரிட்டார். ஆழ்ந்திறங்கும் வேரும், வெண்டுகள் படர்ந்த தடித்த இலையும் வறட்சியைத் தாங்குதற்கு அமைந்தன. பாலோ நஞ்சுடையது, ஆதலின் ஆடுமாடுகள் பெரும்பாலும் தீண்டா. எனினும் அவ்விலையையே உண்டு வளரும் வண்ணத்துப்பூச்சிப் புழுவும் உண்டு. பெருந்தச்சுவண்டுகள் பூவின் மகரந்தப் பொதியைக் காலிற் சுமந்து சென்று கருவுறச் செய்யும். பட்டுப்போன்ற பஞ்சுடைய விதை காற்றிற் பறந்து பரவும்.

சென்னைக்குத் தெற்கே, 2019 முதற் செங்கற்பட்டு மாவட்டத்துட்பட்ட சிறுசேரிப் பகுதி ஏரியும் வயலும் முட்புதருமாய் இருந்தது. இப்போது கணினித்தொழிற் பேட்டையும் அடுக்குமாடங்களும் அங்கே எழுந்துள்ளன. எருக்கு கிளறிய மண்ணிலும் வழியோரத்தும் பிழைக்கும். ஆதலின் அஃது அழிந்தொழியும் என அஞ்சவேண்டா. ஆனால் அதனோடு ஒருங்கு வளருங் காரையும் சூரையும் களாவும் அங்ஙனம் எளிதில் மீளா. பயனற்ற நிலமென ஏட்டிற் குறிக்கப்பட்ட புதர்க்காடு இவற்றிற்கெல்லாம் உறைவிடம் என்பதை உணர்தல் வேண்டும்.

பூசைக்கு எருக்கம்பூக் கொய்வோர், அது முளைக்கும் நிலத்தையும் எளிதென இகழாது ஒரு சிறிதேனும் விட்டுவைத்தல் கடனாம். இறைவன் விலக்காததனை அடியார் விலக்குதல் முறையன்று.