பழைய வேனும் புதிய எஞ்சினும்

 

இன்றைய பேச்சுக்குக் காரணம் என்னிடம் படித்த ஒரு பையன். தாய் தந்தை இருவரும் பால் வெட்டியவர்கள். இப்போது அவன் பட்டணத்தில் ஒரு கார்ப் பட்டறையில் வேலை செய்கிறான். சென்ற பள்ளி விடுமுறையில் வீட்டுக்கு வந்தவன் என்னிடம் கேட்டான்: "சார், ஒருத்தர் பழைய வோக்ஸ்வாகன் வேன் கொண்டு வந்திருக்கார். 1965ஆம் வருஷத்து வண்டி. உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் இருக்கு. குடும்பத்தோட கேமரன் மலைக்குப் போகணுமாம். ஏற்றத்தில் இழுக்க மாட்டேங்குது, பெரிய எஞ்சினா மாத்திக் கொடுங்கன்னு சொல்றார். எஞ்சின் மாத்துற சாமான் செட்டு பல வகை இருக்கு. எதை வாங்கறதுன்னு முதலாளி என்னையே பார்த்துச் சொல்லச் சொல்லிட்டார்."

நான் வரலாறு சொல்லிக் கொடுப்பவன். எஞ்சின் பிரித்தவன் அல்லன். ஆனாலும், "தம்பி, அந்த வண்டி எதற்காகப் பிறந்தது, அதற்கு முன்பு யார் யார் என்னென்ன எஞ்சின் மாற்றினார்கள் என்று முதலில் பார்ப்போம்" என்றேன். அன்று இருவரும் தேடிப் படித்ததைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப் போகிறேன்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம். ஜெர்மனியில் வோல்ஸ்பர்க் என்னும் ஊரில் இருந்த வோக்ஸ்வாகன் தொழிற்சாலை பிரிட்டிஷ் இராணுவத்தின் பொறுப்பில் இருந்தது. அதனை நடத்தியவர் ஐவன் ஹெர்ஸ்ட் என்னும் இராணுவ அதிகாரி. தொழிற்சாலைக்குள் சாமான் தூக்க இராணுவத்தார் இரவல் கொடுத்திருந்த வண்டிகளை அவர்கள் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். வேலை நிற்கக்கூடாதே! ஆகவே வோக்ஸ்வாகன் காரின் அடிச்சட்டத்தை எடுத்து, அதன்மேல் தட்டையாகப் பலகை போட்டு, பின்னால் எஞ்சினையும் அதன்மேல் ஓட்டுபவர் இருக்கையையும் வைத்து, ஒரு சாமான் வண்டி செய்துகொண்டார்கள். நம் தோட்டங்களில் பழைய இரும்பையும் சக்கரத்தையும் கொண்டு பால் தோம்பு ஏற்ற ஒரு தள்ளுவண்டி செய்துகொள்கிறோம் அல்லவா? அதைப் போன்றதுதான்.

அந்தத் தொழிற்சாலைக்கு ஹாலந்து நாட்டு வியாபாரி ஒருவர் வந்தார். பெயர் பென் போன். அந்தச் சாமான் வண்டியைக் கண்டதும் அவருக்கு ஒரு யோசனை பிறந்தது. 1947ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் தம் குறிப்புப் புத்தகத்தில் ஒரு படம் கீறினார். ரொட்டித் துண்டு போன்ற ஒரு பெட்டி, முன்னால் ஓட்டுபவர், பின்னால் எஞ்சின், நடுவில் 750 கிலோ சுமை. அவ்வளவுதான் படம். 1948இல் தொழிற்சாலையின் தலைமையை ஏற்ற ஹைன்ஸ் நோர்டோப் இந்த யோசனைக்கு உயிர் கொடுத்தார். 1950ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த வேன் வரிசையாக உற்பத்தியாகத் தொடங்கியது.

நேயர்களே, அந்த வேனின் எஞ்சினைப் பற்றிச் சற்றுக் கவனமாகக் கேளுங்கள். அதன் அளவு 1131 சிசி. அதன் வலிமை 25 குதிரைத்திறன். இன்று பிள்ளைகள் ஓட்டும் சில பெரிய மோட்டார் சைக்கிள்களுக்கு இதைவிட அதிக வலிமை உண்டு. நான்கு சிலிண்டர்களும் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நிலையில் இருக்கும். தண்ணீர் கிடையாது, ரேடியேட்டர் கிடையாது. ஒரு விசிறி காற்றை இழுத்து ஊத, அந்தக் காற்றே எஞ்சினின் சூட்டைத் தணிக்கும். பனியில் உறையத் தண்ணீர் இல்லை. ஒழுகத் தண்ணீர்க் குழாய் இல்லை. கையில் காசில்லாத ஒரு நாட்டுக்கு இது மிகவும் பொருத்தமான எஞ்சின்.

25 குதிரைத்திறனை வைத்துக்கொண்டு 750 கிலோவை எப்படி இழுப்பது? அதற்கும் ஒரு வழி செய்திருந்தார்கள். பின் சக்கரம் ஒவ்வொன்றின் பக்கத்திலும் கூடுதலாக ஒரு பல்சக்கரப் பெட்டி வைத்தார்கள். அதனால் வண்டியின் வேகம் குறைந்தது. இழுக்கும் சக்தி கூடியது. பாரம் சுமப்பவர் மெதுவாகத்தானே நடப்பார்? அந்த நியாயந்தான் இங்கும்.

இந்தச் சாமான் வண்டி வீடாக மாறிய கதை அடுத்தது. 1951ஆம் ஆண்டில், வீடன்புரூக் என்னும் ஊரில் இருந்த வெஸ்ட்பாலியா என்ற வண்டி செய்யும் நிறுவனம் ஒரு மரப்பெட்டித் தொகுதியைச் செய்தது. படுக்கை, அலமாரி, மேசை எல்லாம் அதில் அடக்கம். வார நாள்களில் வேன் சாமான் ஏற்றும். விடுமுறை வந்தால் அந்தத் தொகுதியை உள்ளே ஏற்றிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்றலாம். உழைப்பதற்கும் ஓய்வதற்கும் ஒரே வண்டி. இதனால்தான் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அது மக்களின் அன்பைப் பெற்றது.

ஆனால் படுக்கையும் அடுப்பும் தண்ணீர்த் தொட்டியும் சேர்ந்தால் பாரம் கூடும் அல்லவா? அமெரிக்காவின் நெடுஞ்சாலைகள் நீண்டவை, மலைகள் உயரமானவை. "வேகம் போதவில்லை" என்ற குரல் எழுந்தது. தொழிற்சாலையும் எஞ்சினைப் படிப்படியாகப் பெரிதாக்கியது. 1954இல் 1200 சிசி, 30 குதிரைத்திறன். 1963இல் 1500 சிசி, 42 குதிரைத்திறன். 1967இல் புது வடிவத்தோடு 1600 சிசி, 47 குதிரைத்திறன். பிறகு 1971இல், பெரிய காருக்கென்று செய்த 1700 சிசி எஞ்சினை வேனில் வைத்து 66 குதிரைத்திறன் ஆக்கினார்கள். 1975இல் 2000 சிசியும் 70 குதிரைத்திறனும் ஆயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தொழிற்சாலை எஞ்சினை மட்டும் பெரிதாக்கவில்லை. 1967இல் பின் அச்சின் அமைப்பையே மாற்றினார்கள். பழைய அமைப்பில், வேகமாக வளைவில் திரும்பும்போது பின் சக்கரம் உட்பக்கமாக மடங்க முயலும். அந்தக் குறையைப் புதிய அமைப்பு பெரிதும் நீக்கியது. 1970இல் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் வைத்தார்கள். அதற்குப் பிறகுதான் 66 குதிரைத்திறன் வந்தது. முதலில் நிறுத்தும் சக்தி, பிறகு ஓடும் சக்தி. அவர்கள் நடந்த வரிசை அது.

தொழிற்சாலை கொடுத்தது போதாது என்றவர்கள் தாங்களே எஞ்சின் மாற்றத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் 1960 முதல் 1969 வரை விற்பனையான மாதிரிகளில் ஷெவர்லே கோர்வேர் என்று ஒரு கார் இருந்தது. அதன் எஞ்சினும் பின்னால்தான்; அதுவும் காற்றால் குளிர்வதுதான்; ஆனால் சிலிண்டர்கள் ஆறு. "நமக்கென்றே செய்தது போல் இருக்கிறதே!" என்று பலர் அதை வோக்ஸ்வாகன் வண்டிகளில் பொருத்தினார்கள். ஆனால் ஒரு சங்கடம். மற்ற எஞ்சின்கள் சுழலும் திசைக்கு எதிர்த்திசையில் சுழல்வது கோர்வேர் எஞ்சின். அப்படியே பூட்டினால் என்ன ஆகும்? வண்டிக்கு முன்னால் போக ஒரு கியரும் பின்னால் போக நான்கு கியரும் இருக்கும்! ஆகவே கியர்ப் பெட்டியைப் பிரித்து, உள்ளே உள்ள பெரிய பல்சக்கரத்தை மறுபக்கமாகத் திருப்பி வைக்க வேண்டியிருந்தது.

பிள்ளைகளே, நம் தோட்டத்து நாற்று மேடையில் ரப்பர் கன்றுக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். கன்றின் பட்டையைக் கீறி, நல்ல இன மரத்தின் மொட்டை வைத்துக் கட்டுகிறார்கள். அளவு பிசகினால் மொட்டு காய்ந்துவிடும். எஞ்சின் மாற்றுவதும் ஒட்டுக் கட்டுவதைப் போன்றதே. மொட்டு உயர்ந்த இனமாக இருந்தால் மட்டும் போதாது. வேர்த்தண்டு அதைத் தாங்க வேண்டும்.

அடுத்து வந்தது ஜப்பானிய எஞ்சின். சுபாரு நிறுவனத்தார் 1966ஆம் ஆண்டிலேயே படுத்த நிலையில் நான்கு சிலிண்டர் கொண்ட எஞ்சினைச் செய்தார்கள். ஆனால் அது தண்ணீரால் குளிர்வது. 1989இல் அவர்கள் கொண்டுவந்த இஜே என்னும் வகை எஞ்சின், வேன் வைத்திருப்போரின் கண்ணில் பட்டது. அதில் 2.2 லிட்டர் எஞ்சினுக்குச் சுமார் 130 குதிரைத்திறன். வடிவம் பொருந்துகிறது, சுழலும் திசையும் பொருந்துகிறது. ஆகவே அதைப் பொருத்துவதற்கான சாமான் செட்டுகள் விற்பனைக்கு வந்தன.

அந்தச் செட்டில் என்னென்ன இருக்க வேண்டும்? எஞ்சினையும் கியர்ப் பெட்டியையும் இணைக்கும் இணைப்புத் தகடு. அதற்கேற்ற பிளைவீல், கிளட்ச். எஞ்சினைத் தாங்கும் இரும்புச் சட்டம். தரையில் இடிக்காமல் இருக்க உயரம் குறைத்த எண்ணெய்த் தொட்டி. புகைக் குழாய். எஞ்சினை ஆளும் மின் கணினியும் அதற்கான வயர்த் தொகுதியும். இத்தனையும் போக, ரேடியேட்டரும் அதிலிருந்து பின்னால் உள்ள எஞ்சின் வரை ஓடும் நீண்ட தண்ணீர்க் குழாய்களும் வேண்டும். 1982இன் பிற்பகுதியில் வோக்ஸ்வாகன் நிறுவனமே தன் மூன்றாம் தலைமுறை வேனைத் தண்ணீர்க் குளிர்ச்சிக்கு மாற்றியது. அந்த வேன்களில் ரேடியேட்டர் முன்னரே இருப்பதால் சுபாரு மாற்றம் எளிது. அதற்கு முந்தைய வேன்களில் எல்லாவற்றையும் புதிதாக வைக்க வேண்டும். தகடு ஒன்றை மட்டும் பார்த்து, "செட்டு மலிவாக இருக்கிறதே" என்று வாங்கியவர் பாதி வழியில் நின்றுவிடுவார்.

வேறு நாட்டுத் தொழிற்சாலைகளே எஞ்சின் மாற்றிய கதையும் உண்டு. பிரேசில் நாட்டில் 1957 முதல் 2013 வரை இந்த வேனைச் செய்தார்கள். 2005ஆம் ஆண்டின் இறுதியில் அங்கே காற்றால் குளிரும் எஞ்சினை விட்டுவிட்டு, தண்ணீரால் குளிரும் 1.4 லிட்டர் எஞ்சினை வைத்தார்கள். பழைய வேனின் முகத்தில் ரேடியேட்டர் ஏறியது. தென்னாப்பிரிக்காவில் மூன்றாம் தலைமுறை வேனுக்கு ஐந்து சிலிண்டர் எஞ்சினைப் பொருத்தி 2002 வரை உற்பத்தி செய்தார்கள். 2020இல் ஜெர்மனியிலேயே 1966ஆம் ஆண்டு வேன் ஒன்றுக்கு மின்சார மோட்டார் வைத்துக் காட்டினார்கள். பழைய எஞ்சினுக்கு 44 குதிரைத்திறன். புதிய மோட்டாருக்கு 83. ஆனால் அதோடு நிற்கவில்லை. முன் அச்சு, பின் அச்சு, பிரேக் அனைத்தையும் புதிதாகச் செய்தார்கள். இதைப் படித்தபோது என் மாணவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"சார், நம்ம பட்டறைக்கு வந்த வண்டி 1965. நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். பின்னால பழைய அச்சு. 44 குதிரைக்குச் செஞ்ச வண்டியில 130 குதிரையைக் கட்டிட்டா, மலை ஏறிடும் சார். இறங்கறப்போ?"

நான் பதில் சொல்லவில்லை. கேள்வியிலேயே பதில் இருந்தது.

அவன் பட்டறைக்குத் திரும்பி, வேனைத் தூக்கி வைத்து, முழுவதும் சோதித்திருக்கிறான். ஒரு சிலிண்டரில் அழுத்தம் இல்லை. எஞ்சினைச் சுற்றிக் காற்றைத் திருப்பிவிடும் தகரங்களில் இரண்டைக் காணோம். யாரோ கழற்றியவர் திரும்பப் போடவில்லை. பெட்ரோல் ரப்பர்க் குழாய் வெடித்திருந்தது. சூடான எஞ்சின்மேல் பெட்ரோல் சொட்டினால் தீப்பிடிக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமா? இத்தகைய பழைய வேன்கள் தீக்கிரையாவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஆக, அந்த எஞ்சின் சிறியது என்பதால் அது மலை ஏறாமல் இல்லை. அது நோயுற்றிருந்தது.

"செட்டு வேண்டாம். பழைய எஞ்சினையே பிரித்துச் செய்வோம்; முதலில் பிரேக்கைப் பார்ப்போம்" என்று அவன் சொன்னதும் முதலாளிக்கு முகம் சுருங்கியதாம். பெரிய வேலை ஒன்று சிறியதாகிவிட்டதல்லவா? "வேலை போய்விடுமோ என்று இரவெல்லாம் தூங்கவில்லை சார்" என்று தொலைபேசியில் சொன்னான். ஆயினும் மறுநாள் வேனின் உரிமையாளரிடம் கழற்றிய சாமான்களை ஒவ்வொன்றாகக் காட்டி விளக்கியிருக்கிறான். வெடித்த குழாயைக் கையில் வாங்கிப் பார்த்த அவர், பின்னால் பிள்ளைகள் படுக்கும் இடத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "நீங்கள் சொல்வதைப் போலவே செய்யுங்கள்" என்றாராம்.

எஞ்சின் மாற்றுவதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. நீண்ட தூரம் நாள்தோறும் ஓடும் வண்டிக்கு, பிரேக்கும் அச்சும் பலமாக உள்ள வண்டிக்கு, மாற்றம் நன்மை தரலாம். அப்படி மாற்றுவோர் நான்கு கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும். வண்டி என்ன வேலைக்கு வேண்டும்? பிரேக்கும் கியரும் அச்சும் புதிய வலிமையைத் தாங்குமா? செட்டில் எது இருக்கிறது, எது இல்லை? பழுதானால் சாமான் நம் ஊரில் கிடைக்குமா? இவற்றோடு, நம் நாட்டில் எஞ்சின் மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்து இலாகாவின் அனுமதியும் சோதனையும் தேவை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று பட்டறைகளில் வேலை பழகுகிறார்கள். அவர்களுடைய பெற்றோருக்கு ஒரு வார்த்தை. திருகாணி முறுக்கும் பிள்ளைக்கு வரலாறு எதற்கு என்று எண்ணாதீர்கள். ஒரு பொருள் ஏன் இப்படிச் செய்யப்பட்டது என்று கேட்கத் தெரிந்தவனே அதில் எதை மாற்றலாம், எதை மாற்றக்கூடாது என்று சொல்ல முடியும்.

அந்த வேன் கடந்த மாதம் தாப்பா வழியாக மலை ஏறியது. இரண்டாம் கியரில், மெதுவாக, வழியில் இரண்டு முறை நின்று சூடு ஆறி. கீழேயும் பத்திரமாக இறங்கியது.