நிலவுக் கல்லும் நம் நிலத்துக் கல்லும்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் செல்வோர் வழியோரக் கற்பாறைகளைச் சல்லிக்கு உரியவை என்றே எண்ணிக் கடப்பர். படிக்கத் தெரிந்தவருக்கோ கல்லும் ஒரு கிதாபு. பதினொன்றாம் நூற்றாண்டிலேயே அறிஞர் அல்பிரூனி கற்களை நீரில் அமிழ்த்தி, எடைகண்டு, இனம் பிரித்தார். இன்று அப்பணியை ஒளி செய்கிறது. ஒவ்வொரு கனிமமும் ஒளியின் சில அலைகளை விழுங்கிவிட்டு எஞ்சியதைத் திருப்புகிறது. விழுங்கிய இடங்களைக் கொண்டு அதன் பெயரைச் சொல்லிவிடலாம்.

நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் அனார்த்தோசைட் என்னும் வெளிர்நிறப் பாறை உண்டு. நிலவின் மேட்டுநிலமும் பெரும்பாலும் அவ்வினமே. எனவே சித்தம்பூண்டிக் கல்லின் நிறமாலையை ஆய்வுக்கூடத்தில் பதிந்து, நிலவின் ஒளியை வாசிக்க அதனை அளவுகோலாகக் கொண்டனர். அறிந்த கல் கையில் இல்லையேல் அறியாத கல்லை எதனோடு ஒப்பிடுவது? அக்கல்லைப் பொடித்தே இஸ்ரோ தன் ஊர்திகளைச் சோதிக்க நிலவு மண் போன்றதொரு மண்ணையும் ஆக்கிக்கொண்டது.

2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 நிலவில் இறங்கிற்று. அதன் திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் நம் விழுப்புரத்துக்காரர். பிரக்யான் ஊர்தி 103 மீட்டர் தொலைவில் 23 அளவீடுகள் எடுத்தது. மண்ணிலிருந்து எழுந்த எக்ஸ் கதிர்கள் இரும்பு கலந்த அனார்த்தோசைட்டையே காட்டின என்பது 2024இல் வெளியாயிற்று.

இரண்டும் ஒரே கல் என்று துள்ளிவிடலாகாது. சித்தம்பூண்டிக் கல் பூமியின் ஆழத்து வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறியது. நீரின் தடமும் அதில் உண்டு. நிலவுக் கல்லுக்கு அவ்வரலாறு இல்லை.