கிரவுண்ட் என்னும் மனை

தண்டையார்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ இடம் பார்க்கப் போனால் தரகர் முதலில் சொல்வது கிரவுண்ட் கணக்குத்தான். "அரை கிரவுண்டு சார், கார்னர்." பத்திரத்தில் சதுர மீட்டர் கணக்கும் இருந்தாலும் வாய்க்கு வருவது கிரவுண்டு. 2,400 சதுர அடி. சொல் ஆங்கிலம், ஆனால் இங்கிலாந்தில் அப்படியோர் அளவு கிடையாது.

அளவு நம்முடையது. அதன் பெயர் மனை. 60 அடிக்கு 40 அடி. 24 மனை சேர்ந்தால் ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி. அதே காணியை 24 அடிக் கோலால் அளந்தால் 100 குழி. வெள்ளைக்காரர் ஏடுகளில் காணி என்ற சொல் ஒலி மாறாமல் ஏறியது. மனையையோ மொழிபெயர்த்துக் கிரவுண்ட் ஆக்கினார்கள். நம் சொல்லின் மொழிபெயர்ப்பை நாமே கடன் வாங்கிப் பேசுகிறோம். மனை என்றால் வீடு; மனைவி, மனையாள் எல்லாம் பிறந்த சொல் அது. கிரவுண்டில் மிஞ்சியது மண் மட்டும்.

சென்னையைத் தாண்டினால் சென்ட். அது வேறு வழியில் வந்தது. 1620 வாக்கில் எட்மண்ட் கன்டர் வகுத்த சங்கிலி: 66 அடி, 100 கண்ணி. பத்துச் சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். அதில் நூறில் ஒன்று சென்ட், 435.6 சதுர அடி. ஒரு மனை சுமார் ஐந்தரை சென்ட். 1785இல் சட்டம் போட்டு அமெரிக்கர் ஓஹியோ ஆற்றுக்கு வடமேற்கே காட்டை அளந்ததும் இந்தச் சங்கிலியால்தான். ஆறு மைல் சதுரம், அதற்குள் 640 ஏக்கர் கொண்ட 36 துண்டு. அங்கே ஏற்கெனவே வாழ்ந்த பழங்குடிகளின் வீடு எந்தச் சதுரத்துக்கும் பெயர் தரவில்லை. நம் அளவின் பெயரே வீடு. இந்த வித்தியாசம் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

வடசென்னைக் கரையில் அது இன்னும் உறைக்கும். 1876இல் துறைமுகச் சுவர் கட்டத் தொடங்கிய பின் தெற்கிலிருந்து வரும் மணல் அங்கேயே தங்கி மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது. இன்று சாலையோரம் கருங்கல் குவியல், அதில் மோதும் அலை. குப்பத்துப் பெரியவர்கள் அலை உடையும் இடத்தைக் கைகாட்டி, "அங்கதான் எங்க வூடு இருந்துச்சு" என்பார்கள். எத்தனை கிரவுண்டு என்று சொல்ல மாட்டார்கள்.

பத்திரம் எழுதுவோரே, கிரவுண்ட் என்று எழுதும் இடத்தில் மனை என்று எழுதுங்கள். அளவில் ஓர் அடியும் குறையாது.