வெறுங்காலில் நின்ற காவலர்

கிளிநொச்சியிலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் ஆனையிறவையும் இயக்கச்சியையும் கடந்தால் பளை வரும். தென்னந்தோட்டங்களும் பனங்கூடல்களும் சூழ்ந்த அவ்வூர் மணற்பாங்கானது. மாலை வெயில் சாயும் வேளையில் அங்கு சிறுவர் பந்துதைத்து விளையாடுவதைக் காணலாம். சப்பாத்து அணிந்தோர் சிலர், அணியாதோர் பலர். அணி பிரிக்கும்போது முன்னணியில் ஓடிக் கோல் போட எல்லோரும் முந்துவர். பின்னுக்கு நின்று காக்கும்படி சொல்லப்பட்டவனோ முகத்தைத் தொங்கப்போட்டுக்கொள்வான்.

அப்படிப் பின்னுக்கு நின்ற ஒருவரின் வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அவர் பெயர் சைலேன் மன்னா. வங்காளத்தின் ஹௌராவில் 1924 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி பிறந்தவர். 1942 இல் கல்கத்தாவின் மோகன் பகான் கழகத்திற் சேர்ந்து, 1960 வரை அக்கழகத்தின் இடப்புறப் பின்காவலராக விளையாடினார்.

அந்தக் கழகத்தின் பெருமையை அறிந்தாலே மன்னா ஏற்ற பொறுப்பின் பாரம் விளங்கும். 1911 ஆம் ஆண்டு ஜூலை 29 ஆந் திகதி, கிழக்கு யோர்க்சயர் படைப்பிரிவின் அணியை 2 க்கு 1 என்ற கணக்கில் வென்று மோகன் பகான் ஐ. எப். ஏ. கேடயத்தைக் கைப்பற்றியது. ஆள்வோரின் அணியை ஆளப்படுவோர் வென்ற அந்நாளில், வென்றவர்களுள் பதின்மர் வெறுங்காலுடன் ஆடினர். சப்பாத்து அணிந்திருந்தவர் ஒரேயொருவர்; சுதீர் சட்டர்ஜி என்னும் அவரும் ஒரு பின்காவலரே. அவருக்குப் பின் வந்த கோஷ்ட பால் என்னும் காவலரைச் ‘சீனப் பெருமதில்’ என்று மக்கள் அழைத்தனர். அந்த மதிலின் இடத்திலே நிற்கும் கடமை மன்னாவுக்கு வாய்த்தது.

1948 இல் இலண்டன் ஒலிம்பிக் போட்டிக்கு இந்தியா தன் அணியை அனுப்பியது. நாகர் இனத்தவரான தாலிமெரென் ஆவோ தலைமை தாங்கினார். ஜூலை 31 இல் பிரான்சுடன் ஆட்டம் நிகழ்ந்தது. இந்திய வீரருட் பெரும்பாலோர் காலிற் சப்பாத்து இல்லை. சிலர் துணிக்கட்டு மட்டும் கட்டியிருந்தனர். பிரான்ஸ் முதலில் ஒரு கோல் போட்டது. பின்னர் சாரங்கபாணி ராமன் இந்தியாவுக்காக ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார். ஆட்டம் முடியும் தறுவாயில் பிரான்ஸ் மீண்டும் ஒரு கோல் போட்டு, 2 க்கு 1 என வென்றது.

அந்த ஆட்டத்தில் இந்தியாவுக்கு இரண்டு தண்ட உதைகள் கிடைத்தன; இரண்டும் வீணாயின. அவற்றுள் ஒன்றை உதைத்தவர் மன்னா. காவலனின் விதி விசித்திரமானது. ஆட்டம் முழுவதும் அவன் தடுத்த பந்துகளுக்குக் கணக்கில்லை. அவன் தவறவிட்ட ஒன்று மட்டும் வரலாற்றில் நின்றுவிடும். இருபத்துநான்கு வயது நிரம்பாத இளைஞனுக்கு அது சிறிய சுமையன்று. எனினும் நாடு அவரை ஒதுக்கவில்லை. அவர் தாமும் ஒதுங்கவில்லை.

மூன்றாண்டு கழிந்தது. 1951 மார்ச் மாதத்தில் டில்லியில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா நடைபெற்றது. இந்திய அணிக்குத் தலைவர் மன்னா. பயிற்றுநர் ஐதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரகீம். இந்தோனேசியாவை 3 க்குப் பூச்சியம், ஆப்கானிஸ்தானை 3 க்குப் பூச்சியம் என வென்று, இறுதியாட்டத்தில் ஈரானை எதிர்த்தனர். மேவாலால் போட்ட ஒரே கோலால் இந்தியா தங்கப் பதக்கம் பெற்றது. அந்த மூன்று ஆட்டங்களிலும் இந்தியாவின் கோலுக்குள் ஒரு பந்தேனும் புகவில்லை என்பதைக் கவனியுங்கள். கோல் போட்டவர் பெயரை எல்லோரும் அறிவர்; புகவிடாது காத்தோரின் உழைப்பு அந்தப் பூச்சியங்களுக்குள் மறைந்து கிடக்கிறது.

இவ்விடத்தில் ஒரு கட்டுக்கதையையும் களைய வேண்டும். 1950 இல் பிரேசிலில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியில் இந்தியாவுக்கு இடம் கிடைத்தும் அது செல்லவில்லை. வெறுங்காலுடன் ஆடத் தடை விதிக்கப்பட்டதே காரணம் என்று இன்றும் பலர் சொல்வர். ஆனால் அணித்தலைவராகச் சென்றிருக்க வேண்டிய மன்னா, முதுமையில் வேறு விதமாகவே விளக்கினார். அக்காலத்தில் உலகக் கிண்ணத்தின் பெருமையைத் தாங்கள் அறிந்திருக்கவில்லை என்றும், ஒலிம்பிக்கே தங்களுக்கு எல்லாமாக இருந்தது என்றும் அவர் கூறினார். வீரர் தெரிவிற் பிணக்கும் பயிற்சிக்குக் காலம் போதாமையும் சங்கம் காட்டிய காரணங்கள். ஆகவே அந்த வாய்ப்பைப் பறித்த பழியைக் கால்மீது சுமத்துவது பொருந்தாது.

கால் தன் எல்லையைக் காட்டிய இடம் வேறு. 1952 இல் எல்சிங்கி நகர ஒலிம்பிக்கில், குளிர் மிகுந்த வடதேசத்துப் புற்றரையில், மன்னாவின் தலைமையில் ஆடிய இந்தியா யூகோசிலாவியாவிடம் 10 க்கு 1 எனத் தோற்றது. அந்த யூகோசிலாவியா பின்னர் இறுதியாட்டம் வரை சென்று வெள்ளிப் பதக்கம் பெற்ற வலிய அணி. ஆயினும் பத்துக் கோல்கள் தம் கண்முன்னே புகுவதைக் காண்பது காவலருக்கு எத்துணை வேதனை! அத்தோல்விக்குப் பின் இந்திய உதைபந்தாட்டச் சங்கம் சப்பாத்து அணிவதைக் கட்டாயமாக்கியது. நான்கே ஆண்டுகளில், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், இந்தியா அவுஸ்திரேலியாவை 4 க்கு 2 என வென்று நான்காம் இடத்தைப் பெற்றது. அந்த அணியில் மன்னா இல்லை. தோல்வியின் பாடத்தை ஒரு தலைமுறை கற்க, பயனை அடுத்தது நுகர்ந்தது.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. 1952 இல் கொழும்பில் இலங்கை, இந்தியா, பாகிஸ்தான், பர்மா ஆகிய நான்கு நாடுகளும் கொழும்புக் கிண்ணத்துக்காகப் போட்டியிட்டன. இந்தியாவும் பாகிஸ்தானும் அவ்வாண்டு கிண்ணத்தைப் பகிர்ந்துகொண்டன. பின்னர் இரங்கூன், கல்கத்தா, டாக்கா நகரங்களில் நடந்த போட்டிகளிலும் இந்தியாவே வென்றது. மன்னாவின் தலைமைக்கு இவ்வெற்றிகளிற் பங்குண்டு. ஆனால் 1954 இல் பிலிப்பைன்ஸ் தீவுகளின் மணிலா நகரில் நடந்த இரண்டாவது ஆசிய விளையாட்டு விழாவில் அவரது அணியால் தங்கத்தைத் தக்கவைக்க முடியவில்லை. இந்தோனேசியாவிடம் தோற்று முதற்சுற்றோடு திரும்பியது.

இன்று அதே பிலிப்பைன்சிலும் ஆசியாவின் பிற நாடுகளிலும் பின்காவலர் ஒருவர் ஒப்பந்தம் எழுதி, ஊதியம் பெற்று, உதைபந்தாட்டத்தையே தொழிலாகக் கொண்டு வாழலாம். மன்னாவின் காலத்தில் அது இயலாது. அவர் இந்தியப் புவிச்சரிதவியல் ஆய்வுத் திணைக்களத்தில் வேலை பார்த்தே வாழ்க்கை நடத்தினார். பத்தொன்பது ஆண்டுகளில் கழகத்திடமிருந்து அவர் பெற்றது 19 ரூபாய் மட்டுமே என்று ஒரு பேச்சு வழங்குகிறது. கணக்கு எவ்வாறாயினும், அவர் பணத்துக்காக ஆடவில்லை என்பதில் ஐயமில்லை. அதைப் போற்றும் நாம், பணமின்மையால் ஆட்டத்தையே கைவிட்ட ஏழை வீரர் எத்தனை பேர் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒருவரின் தியாகம் போற்றத்தக்கதே. அதனை எல்லோர்க்கும் விதியாக்குதல் நீதியாகாது.

1971 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது. 2000 ஆம் ஆண்டில் அகில இந்திய உதைபந்தாட்டச் சம்மேளனம் அவரை ஆயிரமாண்டின் வீரர் எனச் சிறப்பித்தது. 2012 பெப்ரவரி 27 இல், தம் எண்பத்தேழாம் வயதில், கல்கத்தாவில் அவர் காலமானார்.

நேயர்களே, பளையின் மணலில் வெறுங்கால் ஒரு குறையன்று. மணல் அதற்கு இடங்கொடுக்கிறது. ஆனால் அச்சிறுவருள் ஒருவன் நாளை தூரதேசத்து ஈரப்புல்லில் ஆட நேர்ந்தால், அவனுக்குச் சப்பாத்தும் பயிற்சியும் வாங்கிக் கொடுப்பது நம் கடன். பின்னுக்கு நிற்கச் சொன்னதற்காக முகம் வாடும் பிள்ளைக்கோ, ஒரு தண்ட உதையைத் தவறவிட்டும் மூன்றாண்டில் ஆசியாவின் தங்கத்தை ஏந்திய மன்னாவின் கதையைச் சொல்லுங்கள். நாளை மாலை அவன் தானாகவே கோல்முன் சென்று நிற்கக்கூடும்.