வாரத்துக்கு விட்ட மாடு

ஐரோப்பிய யூதர்கள் என்றாலே எனக்கு நகரங்கள்தான் நினைவுக்கு வரும். வங்கி, பதிப்பகம், மருத்துவமனை. ஜெர்மனியின் தென்கோடியில், ரைன் நதிக்கரையில் இருக்கும் கைலிங்கன் கிராமத்தைப் பற்றி வாசிக்கும்வரை அப்படித்தான் நினைத்திருந்தேன். 1858இல் அங்கே ஏறக்குறைய 1000 யூதர்கள், ஊரில் சரிபாதி. 1870இல் லியோபோல்ட் குகன்ஹைம் என்ற யூதர் ஊர்த்தலைவராகி, 1884 வரை இருந்தார்.

யூதர்கள் கிராமங்களுக்கு ஆசைப்பட்டுப் போகவில்லை. 1499இல் உல்ம், நியூரம்பெர்க் நகரங்கள் அவர்களைத் துரத்தின. வேறு பல நகரங்களும் அதையே செய்தன. குறுநிலப் பிரபுக்கள் சிலர் பாதுகாப்பு வரி வாங்கிக்கொண்டு தங்கள் கிராமங்களில் இடம் கொடுத்தார்கள். நிலம் வாங்கவோ கைவினைஞர் சங்கங்களில் சேரவோ பெரும்பாலும் அனுமதி இல்லை. மிஞ்சியது மாட்டு வியாபாரமும் தலைச்சுமை வியாபாரமும்.

காசில்லாத விவசாயிக்கு யூத வியாபாரி மாட்டைக் கடனுக்குக் கொடுப்பார். இல்லையென்றால் வாரத்துக்கு விடுவார். கன்று போட்டால் ஆளுக்குப் பாதி. தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் இது. அதனால்தான் 1933இல் ஹிட்லர் வந்த பிறகும் விவசாயிகள் பலர் யூத வியாபாரியையே தேடிப் போனார்கள். கெஸ்டபோ அறிக்கைகளே இதைச் சொல்லி அலுத்துக்கொள்கின்றன.

இதைப் படித்ததும், ‘பரவாயில்லையே, ஊர்க்காரங்க விட்டுக்கொடுக்கல’ என்று எனக்குச் சின்ன சந்தோஷம். அவசரப்பட்டுவிட்டேன். விவசாயி விட்டுக்கொடுக்காதது தன் தொழுவத்தை. 1938க்குள் யூதர்களின் மாட்டு வியாபாரத்தை அரசு முடக்கியது. அந்த ஆண்டு நவம்பரில் கைலிங்கனின் ஜெபக்கூடத்தை அழித்தார்கள்.

1940 அக்டோபர் 22. யூதர்களின் கூடாரப் பண்டிகை நாட்கள். கைலிங்கன் உட்பட பாடன் மாநிலத்திலிருந்தும் அதை அடுத்த பகுதிகளிலிருந்தும் 6,500க்கும் மேற்பட்ட யூதர்களை ரயிலேற்றி, பிரான்ஸின் கூர்ஸ் முகாமுக்கு அனுப்பினார்கள். ஆளுக்கு 50 கிலோ மூட்டை, 100 மார்க். பட்டினியிலும் நோயிலும் பலர் அங்கேயே செத்தார்கள். 1942இல் பலரை ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள். கைலிங்கனில் ரைனுக்கு அக்கரை சுவிட்சர்லாந்து, கூப்பிடு தூரம்.

அதே பாடனில் லோராஹ் என்றொரு ஊர். நாடுகடத்தப்பட்ட யூதர்களின் வீட்டுச் சாமான்கள் அங்கே ஏலம் போனபோது எடுத்த புகைப்படங்கள் இருக்கின்றன. வாசலில் முண்டியடிக்கும் கூட்டம். சில முகங்களில் சிரிப்பு. கிராமங்களிலும் ஏலம் நடந்தது.

‘எங்களுக்கு எதுவும் தெரியாது’ என்று பெர்லின்காரர் ஒருவர் சொல்லிப் பார்க்கலாம். கிராமத்தில் அது முடியுமா? இது யார் வீட்டு மேசை என்று ஏலம் கேட்டவருக்குத் தெரியும். அதில் உட்கார்ந்து மாட்டுக்கு விலை பேசியவர் அவர்.