கடல் கடந்து வந்த வேலை

ஆங்கில நாட்டில் வெளியான கனமான ஆராய்ச்சிப் புத்தகம் ஏதாவது உங்கள் வீட்டில் இருந்தால், தயவு செய்து அதை எடுத்துத் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் பாருங்கள். பதிப்புரிமை, வெளியிட்ட ஆண்டு, அச்சிட்டவர் பெயர் என்று பொடி எழுத்தில் சில வரிகள் இருக்கும். அவற்றின் நடுவே, 'அச்சுக் கோத்தது: பாண்டிச்சேரி, இந்தியா' என்ற பொருளில் ஒரு வரி இருந்தாலும் இருக்கும். ஆக்ஸ்போர்டு பதிப்பகம் வெளியிட்ட எத்தனையோ நூல்களில் இந்த வரியை நான் பார்த்திருக்கிறேன். எழுதியவர் ஆங்கிலேயப் பேராசிரியர். படிக்கப் போகிறவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருப்பவர்கள். பக்கங்களைச் சீர்படுத்தி அடுக்கியதோ, முத்தியால்பேட்டையிலிருந்தோ அரியாங்குப்பத்திலிருந்தோ காலையில் டிபன் டப்பாவோடு புறப்பட்டு வந்த நம் வீட்டுப் பெண்!

இப்படி ஒரு தேசத்தின் வேலையை இன்னொரு தேசத்துக்கு அனுப்பிச் செய்து வாங்கிக் கொள்வதற்கு இந்தக் காலத்தில் அவுட்ஸோர்ஸிங் என்று பெயர். கம்ப்யூட்டரோடு பிறந்த புது நாகரிகம் என்று பலர் எண்ணுகிறார்கள். மற்ற ஊர்களுக்கு அது பொருந்தலாம். புதுச்சேரிக்குப் பொருந்தாது. கடலுக்கு அப்பாலிருந்து வேலை வருவதும், ஒரு நாள் அது சொல்லாமல் கொள்ளாமல் போய் விடுவதும் அந்த ஊரின் சரித்திரத்தில் மூன்றாவது தடவையாக நடந்து கொண்டிருக்கிறது.

முதல் தடவை வந்தது நீலத் துணி. 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் புதுச்சேரியில் கால் ஊன்றியது சோழ மண்டலக் கரையின் துணிக்காகத்தான். கும்பினியார் வியாபாரிகளுக்கு முன்பணம் கொடுப்பார்கள். வியாபாரிகள் அதைச் சுற்று வட்டாரத்து நெசவாளர்களிடம் பிரித்துக் கொடுத்துத் துணியை வாங்கி வருவார்கள். நீளம், அகலம், நெருக்கம் எல்லாவற்றையும் அளந்து பார்த்து, மட்டம் என்று கண்டதைக் கும்பினி கழித்துத் தள்ளும். நடுவில் நின்று இரண்டு பக்கத்தாருக்கும் பேசுவதற்கு ஒரு துபாஷி வேண்டும். துய்ப்ளேக்சின் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதி வைத்த நாட்குறிப்பைப் புரட்டினால், யுத்தத்துக்கும் அரண்மனைச் சதிக்கும் நடுநடுவே துணிப் பேரம் வந்து கொண்டேயிருக்கும். ஒப்பந்தம், முன்பணம், தரச் சோதனை, கெடு நாள், இரண்டு பாஷை தெரிந்த நடுவர்: இன்றைய கம்ப்யூட்டர் கம்பெனியில் இவற்றில் எது இல்லை? பெயர்கள்தாம் மாறியிருக்கின்றன.

அந்தத் துணிகளில் ஒரு வகை அவுரி நீலத்தில் தோய்த்த பருத்தித் துணி. பிரெஞ்சுக்காரர்கள் அதைக் 'கினே' என்றார்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் கினிக் கரைக்குப் போகிற சரக்கு என்பதால் வந்த பெயர் அது. புதுச்சேரியிலிருந்து பிரான்சின் துறைமுகங்களுக்குப் போய், அங்கிருந்து செனகால் நதி முகத்திலுள்ள சேன் லூயிக்குப் போகும். அங்கே பாலைவனத்து மக்கள் உடுத்திக் கொள்ள மட்டும் அதை வாங்கவில்லை. அது அவர்களுக்கு நாணயமாகவே செலாவணியாயிற்று. இத்தனை துணிக்கு இத்தனை பிசின் என்று கணக்கு. அந்தப் பிசினை ஐரோப்பியர் எதற்கு வாங்கினார்கள் தெரியுமா? அவர்கள் நாட்டு ஆலைகளில் துணிக்குச் சித்திரம் அச்சடிக்க அது தேவைப்பட்டது. நம் நாட்டுச் சித்திரத் துணியைப் பார்த்துப் பழகி, பிறகு நம் நாட்டுத் துணியையே சந்தையிலிருந்து விரட்டியடித்த அதே அச்சுத் துணிதான்! நெசவாளன் தன் கையால் நெய்த துணியைக் கொடுத்து, தன் பிழைப்பைக் கெடுக்கிற சரக்குக்குப் பசை வாங்கிக் கொடுத்துக் கொண்டிருந்தான். அது அவனுக்குத் தெரியாது.

அவனுக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டில் இந்தியப் பருத்தித் துணிகளைக் கொடுத்துத்தான் ஐரோப்பிய வியாபாரிகள் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கினார்கள். தறியில் உட்கார்ந்திருந்தவனுக்கு முன்பணமும், கெடு நாளும், வீட்டில் உலை வைப்பதும்தான் கண்ணுக்குத் தெரிந்தன. தன் வேலை உலகத்தின் எந்த மூலையில் என்ன செய்கிறது என்பது தெரியாமல் போவது, கடல் கடந்து வருகிற வேலையின் முதல் குணம்.

ஆயினும் நெசவாளனின் கைத்திறமையை லேசாக எண்ணி விடக் கூடாது. பிரான்சில் ரூவான் நகரத்து ஆலைக்காரர்கள் இதே நீலத் துணியைப் போலி செய்து செனகாலுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். அந்த ஜனங்கள் ஏமாறவில்லை. கையால் தடவிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்து, 'இது அந்தத் துணி இல்லை' என்று தள்ளி விட்டார்களாம். நம் ஊர்ச் சாயத் தொட்டியின் வாசனைக்கு ஆயிரம் காதத்துக்கு அப்பால் அத்தனை மதிப்பு இருந்தது.

இரண்டாவது தடவை வந்தது யந்திரம். 1820-களின் முடிவிலேயே புதுச்சேரியில் நூற்பாலை ஒன்று எழுந்து விட்டது. பம்பாயில் 1854-ல் தொடங்கிய ஆலையைப் பெரிதாகச் சொல்கிறோம். அதற்குக் கால் நூற்றாண்டுக்கு முன்பே இங்கே கதிர் சுழன்றது. பிற்பாடு சவானா ஆலை என்று வழங்கியது அதுதான். 1892-ல் கெப்ளே ஆலை, 1898-ல் ரோடியர் ஆலை என்று ஊரைச் சுற்றிப் புகைபோக்கிகள் கிளம்பின. நேற்று வரை ஏர் பிடித்தவனும் தறி நெய்தவனும் ஆலைச் சங்கு ஊதும்போது எழுந்து, ஊதும்போது சாப்பிட்டு, ஊதும்போது தூங்கப் போனான். ஊரில் பணப் புழக்கம் ஏற்பட்டது. மாதம் பிறந்தால் கூலி கையில் விழும் என்கிற தைரியம் ஏற்பட்டது. அதற்கு விலையாகப் பத்து மணி, பன்னிரண்டு மணி என்று உழைக்க வேண்டியிருந்தது. பெண்களும் சிறுவர்களும் கூட உழைத்தார்கள்.

இங்கேதான் கதை திரும்புகிறது. துணி நெய்த பாட்டன் தனித்தனியே தன் வீட்டில் உட்கார்ந்திருந்தான். ஆலையில் பேரன்மார் ஆயிரக்கணக்கில் ஒரே கூரையின் கீழ் நின்றார்கள். நின்றவர்கள் பேசிக் கொண்டார்கள். வ. சுப்பையா என்ற இளைஞர், 1911-ல் பிறந்தவர், 1934-ல் 'சுதந்திரம்' என்ற பத்திரிகையைத் தொடங்கித் தொழிலாளர் பக்கம் நின்றார். 1935-ல் சவானா ஆலையில் வேலை நிறுத்தம் நடந்தது.

அடுத்த ஆண்டு நடந்ததை நினைத்தால் மனம் பதறுகிறது. 1936 ஜூன் மாதம் பாரிஸில் லியோன் ப்ளூம் என்ற சோஷலிஸ்டுத் தலைவரின் சர்க்கார், பிரெஞ்சுத் தொழிலாளிக்கு வாரம் 40 மணி வேலை என்றும், சம்பளத்துடன் விடுமுறை என்றும் சட்டம் செய்தது. அதே கொடி பறந்த புதுச்சேரியில், ஜூலை 30-ம் தேதி, உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர்கள் மேல் பிரெஞ்சுப் படை துப்பாக்கியால் சுட்டது. 12 பேர் மாண்டார்கள். பாரிஸில் விடுமுறை, இங்கே குண்டு! வேலையைக் கடல் தாண்டி அனுப்புகிறவர்கள், அந்த வேலையோடு கூடிய உரிமைகளைக் கப்பலில் ஏற்றுவதில்லை.

ஆனால் அந்த ரத்தம் வீண் போகவில்லை. 1937-ல் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி வேலை நாள் சட்டமாயிற்று. ஆசியாவிலேயே இது முதலில் எங்கள் ஊரில்தான் என்று புதுச்சேரிக்காரர்கள் இன்றும் பெருமையாகச் சொல்வார்கள். பெருமைப்பட அவர்களுக்கு உரிமை உண்டு.

1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கை மாறியது. பிரெஞ்சு சாம்ராஜ்யத்தில் இருந்த பழைய சந்தைகள் மெல்ல மெல்ல நழுவின. ஆலைகள் பின்னால் சர்க்காரின் கைக்கு வந்தன. சுதேசி, பாரதி என்று தேசியப் பெயர்களும் பெற்றன. பெயர் மாறியதே ஒழிய யந்திரத்துக்கு வயசு குறையவில்லை. 2011 டிசம்பர் 30-ம் தேதி அடித்த தானே புயல், பழைய ரோடியர் ஆலையான ஏ.எப்.டி.யின் கூரையைப் பிய்த்து எறிந்தது. 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு அந்த ஆலை அடியோடு மூடப்பட்டது. 122 வருஷம் வாழ்ந்த ஆலை அது. தேசம் முழுவதும் கொள்ளை நோய்க்குப் பயந்து கதவடைத்திருந்த சமயமாதலால், அந்தச் சாவுக்கு நாலு பேர் கூடி அழுவதற்குக் கூட வழியில்லாமற் போயிற்று.

நல்ல வேளையாக, மூன்றாவது வேலை அதற்கு முன்பே வந்து சேர்ந்திருந்தது. அது எழுத்து வேலை.

புதுச்சேரிக்கு எழுத்து வேலை புதிதன்று. பாதிரிமார்களின் அச்சகம் 1855-லேயே தமிழ் - பிரெஞ்சு அகராதியை அச்சிட்டது. 1908-ல் பாரதியார் அங்கே வந்த பிறகு, 'இந்தியா' பத்திரிகையும் அங்கிருந்தே வெளிவந்தது. படிக்கிறவர்கள் பிரிட்டிஷ் சீமையில். அச்சுக் கோப்பது பிரெஞ்சுச் சீமையில்! கூலி குறைவு என்பதற்காக அல்ல, போலீஸ் கை நீளாது என்பதற்காக நடந்த அவுட்ஸோர்ஸிங் என்று அதை வேடிக்கையாகச் சொல்லலாம். 1910-ல் பிரிட்டிஷார் எல்லையில் தடுத்ததும் பத்திரிகை நின்று விட்டது. பிறர் சந்தையை நம்பிய தொழிலுக்கு நேருகிற கதி அதற்கும் நேர்ந்தது.

இந்தக் காலத்து எழுத்து வேலை, 1994-ல் தொடங்கிய இன்டெக்ரா போன்ற நிறுவனங்களோடு வளர்ந்தது. மேல்நாட்டுப் பதிப்பகம் கையெழுத்துப் பிரதியைக் கம்பி வழியே அனுப்பும். இங்கே பிழை திருத்துவார்கள், பக்கம் அமைப்பார்கள், படத்தையும் அட்டவணையையும் இடம் பார்த்து வைப்பார்கள், அடிக்குறிப்புகளைச் சரி பார்ப்பார்கள். நமக்கும் லண்டனுக்கும் ஐந்தரை மணி வித்தியாசம். அமெரிக்காவில் அவர்கள் தூங்கும்போது இங்கே வேலை நடக்கும். அவர்கள் காப்பி குடிக்கும்போது புரூப் மேஜையில் இருக்கும்.

இதனால் விளைந்த நன்மையை மறைப்பது அநியாயம். பட்டம் வாங்கிய பெண், கல்யாணம் ஆகிற வரையில் வீட்டில் காத்திருந்த காலம் போய், தன் பேரில் பாங்குக் கணக்கு வைத்துக் கொண்டாள். தங்கைக்குப் பள்ளிச் சம்பளம் கட்டினாள். மாப்பிள்ளை பார்க்கும் விஷயத்தில் அவளுடைய வார்த்தைக்கும் கொஞ்சம் கனம் ஏற்பட்டது. ஆலைத் தொழிலாளியின் மகள் குளிர்சாதன அறையில் நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்கிறாள் என்றால், அது சின்ன விஷயமா? அப்பனுக்கு எத்தனை பூரிப்பு!

இன்னொரு பக்கமும் உண்டு. சங்கு ஊதியதும் அப்பன் வீட்டுக்குத் திரும்பி விடுவான். மகளுக்குச் சங்கு கிடையாது. கெடு நெருங்கினால் இரவு வண்டி. வண்டி கொண்டு வந்து விட்ட பிறகும் கைப்பேசியில் கடிதம். அப்பனுக்குப் பக்கத்தில் நின்றவன் தோழன். மகளுக்குப் பக்கத்து நாற்காலிக்காரி, யார் அதிகப் பக்கம் முடித்தார்கள் என்று கணக்குப் பார்க்கும் பட்டியலில் போட்டியாளர். பாட்டனைப் போல அவளும் தனித்தனியே உட்கார்ந்திருக்கிறாள், ஒரே கூரையின் கீழ் இருந்தாலும்.

இந்த வேலை அவளிடம் வந்தபோது வேறு யாரிடமிருந்தோ போயிருக்கிறது என்பதையும் நாம் நினைக்க வேண்டும். தலைமுறை தலைமுறையாக ஈய எழுத்தைக் கோத்து வாழ்ந்த ஆங்கிலேயத் தொழிலாளர்களின் கதி என்ன? 1986-ல் லண்டன் வாப்பிங்கில் கம்ப்யூட்டர் அச்சுக் கோப்புக்கு மாறிய பத்திரிகை முதலாளி, வேலை நிறுத்தம் செய்த ஐயாயிரத்துக்கு மேற்பட்டவர்களை ஒரே நாளில் வெளியே தள்ளினார். ஓராண்டு போராடியும் அவர்கள் திரும்பவில்லை. கூலி மலிந்த ஊருக்கு வேலை போகிறது. கூலியே கேட்காத யந்திரம் வந்தால் அங்கே போகிறது. செயற்கை நுண்ணறிவு என்கிறார்களே, அது இன்று பிழை திருத்துகிறது, மொழி பெயர்க்கிறது, பக்கமும் அமைக்கிறது. லண்டனில் வீசிய காற்று நம் ஊர்க் கடற்கரைக்கும் வந்து விட்டது.

அப்படியானால் வருகிற வேலையை வேண்டாம் என்று சொல்லி விடலாமா? அது பேதைமை. பசித்தவனுக்கு யார் தத்துவம் சொன்னாலும் எடுபடாது. ஆனால் மூன்று வேலைகளையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. நீலத் துணி போயிற்று. சாயத் தொட்டி மிஞ்சவில்லை. ஆலை போயிற்று, துருப்பிடித்த யந்திரந்தான் மிஞ்சியது. இவ்வளவு போன பிறகும் எட்டு மணி வேலை நாள் மாத்திரம் போகவில்லை. முதலாளி கொண்டு வந்தவை எல்லாம் முதலாளியோடு போயின. தொழிலாளர் தாமே சம்பாதித்தது ஊரில் தங்கியது.

அதையும் தங்க விடுவார்களா என்பதுதான் இன்றைய கேள்வி. 2023 ஏப்ரல் 21-ம் தேதி அண்டை வீடான தமிழ்நாட்டுச் சட்டசபையில், பன்னிரண்டு மணி வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. எதிர்ப்புக் கிளம்பியதும் மே தினத்தன்று அதைத் திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அதே ஆண்டு அக்டோபரில், இன்போஸிஸ் நிறுவனர்களில் ஒருவரான நாராயணமூர்த்தி, நம் இளைஞர்கள் வாரம் 70 மணி உழைக்க வேண்டும் என்று சொன்னார். ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து நாளைக்குப் பத்து மணி. சவானா ஆலைக்காரர்கள் இதைக் கேட்டிருந்தால், 'இது எங்களுக்குத் தெரிந்த கணக்காயிற்றே!' என்று சொல்லியிருப்பார்கள்.

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 30-ம் தேதி புதுச்சேரியில் தொழிற்சங்கத்தார் கூடி, அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மாலை போட்டு வணங்குகிறார்கள். பெரும்பாலும் தலை நரைத்தவர்களே வருகிறார்கள். அன்று இரவும் வழக்கம் போலக் கடலூர்ச் சாலையில், மூடிக் கிடக்கும் ஆலையைத் தாண்டி, வேலை முடிந்த பெண்களை ஏற்றிக் கொண்டு வண்டிகள் போகும். சன்னலில் சாய்ந்து அவர்கள் கண்ணயர்ந்திருப்பார்கள். அவர்களை எழுப்ப வேண்டாம். மறுநாள் காலையில் யாராவது, அந்த ஆலை என்ன ஆலை, அதில் உங்கள் தாத்தா எத்தனை மணிக்கு வீடு திரும்பினார் என்று சொன்னால் போதும்.