கொட்டகையில் கூடிய சங்கம்

சங்கம் என்னும் சொல் நமக்குப் புதியதன்று. புலவர் கூடி நூலாய்ந்த அவையைச் சங்கம் என்றோம். பின்னர்த் தொழிலாளர், வணிகர், மாணவர் கூட்டங்களுக்கும் அப்பெயரையே வழங்கினோம். புதிய கருவியொன்றைக் கையாள விரும்பியவர்கள் அமைத்த சங்கத்தின் வரலாற்றை இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். அதன் பெயர் ‘ஹோம்புரூ கம்ப்யூட்டர் கிளப்’. வீட்டிலேயே கணிப்பொறி செய்வோர் கழகம் எனத் தமிழில் கூறலாம்.

1970ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் கணிப்பொறி என்பது பெரும்பாலும் அரசாங்கம், பெருநிறுவனம், பல்கலைக்கழகம் ஆகியவற்றுக்கே உரியதாயிருந்தது. 1975 ஜனவரியில் ‘பாப்புலர் எலக்ட்ரானிக்ஸ்’ என்னும் அமெரிக்க இதழ், ‘ஆல்டேர் 8800’ என்ற சிறு கணிப்பொறியை அட்டைப்படமாக வெளியிட்டது. சுமார் 400 டாலர் அனுப்பினால் உறுப்புகள் தபாலில் வரும். வாங்கியவரே பற்றவைத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். விசைப்பலகை இல்லை, திரையும் இல்லை. முகப்பிலுள்ள சுவிட்சுகளைத் தள்ளி ஆணையிட்டால், சிறு விளக்குகள் எரிந்தும் அணைந்தும் விடை கூறும். இத்தகைய கருவியோடு ஒருவர் தனியே என்ன செய்வார்? துணை தேடுவதே வழி.

அத்துணையைத் திரட்டியவர் இருவர்: கார்டன் பிரெஞ்ச் என்னும் பொறியாளர், பிரெட் மூர் என்னும் அமைதி இயக்கத் தொண்டர். 1975 மார்ச்சு 5ஆம் நாள், கலிபோர்னியாவிலுள்ள மென்லோ பார்க் என்னும் ஊரில், பிரெஞ்சின் வீட்டு மோட்டார்க் கொட்டகையில் முதற் கூட்டம் நடந்தது. வந்தோர் 32 பேர். நாளடைவில் நூற்றுக்கணக்கானோர் திரளவே, ஸ்டான்போர்டு ஆய்வுக்கூடம் ஒன்றின் அரங்கத்துக்குக் கூட்டம் மாறிற்று.

ஏப்ரல் கூட்டம் ஒன்றில் ஸ்டீவ் டோம்பியர் என்பவர் தம் ஆல்டேரின் அருகே ஒரு வானொலிப் பெட்டியை வைத்தார். கருவியின் மின் அலைகள் வானொலியில் இரைச்சலாக விழும் அல்லவா? அவ்விரைச்சலையே இசையாக ஒழுங்குபடுத்தியிருந்தார் அவர். கணிப்பொறி பாடியது, அவை எழுந்து ஆரவாரித்தது.

அச்சங்கம் நடந்த முறையே எனக்கு மிகுந்த வியப்பளிக்கிறது. கட்டாயச் சந்தா இல்லை. கூட்டங்களை நெறிப்படுத்திய லீ பெல்சன்ஸ்டைன், அவற்றை இரு பகுதிகளாகப் பிரித்தார். முதற்பகுதியில் ஒவ்வொருவராக எழுந்து, தமக்கு வேண்டியது யாது, தம்மிடம் உள்ளது யாது எனச் சுருங்கக் கூறுவர். இரண்டாம் பகுதியில், அவரவர் தமக்கு ஏற்றவரைத் தேடிச் சென்று உரையாடுவர். கேட்பவனும் கொடுப்பவனும் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள இதைவிட எளிய வழி ஏது?

ஆயினும் கொடுப்பதற்கு எல்லை உண்டா என்னும் வினா விரைவில் எழுந்தது. பில் கேட்ஸும் பால் ஆலனும் ஆல்டேருக்காக எழுதிய ‘பேசிக்’ மொழியின் துளைநாடா ஒன்று உறுப்பினர் கைக்கு வந்தது. அது படியெடுக்கப்பட்டுப் பலருக்கும் வழங்கப்பட்டது. ஒன்று பெறுபவர் இரண்டாகத் திருப்பித் தரவேண்டும் என்பதே நிபந்தனை! 1976 பிப்ரவரியில், அப்போது 20 வயதினரான கேட்ஸ் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். ஆல்டேர் உடையோரில் 10 விழுக்காட்டினர்கூடப் பேசிக்கை விலைகொடுத்து வாங்கவில்லை என்றும், ஊதியமின்றி எவர் உழைப்பார் என்றும் அவர் கேட்டார்.

இரு சாராரிடமும் நியாயம் உண்டு என்றே நான் கருதுகிறேன். உழைத்தவனுக்குக் கூலி வேண்டும். கற்பவனுக்குக் கதவு திறந்திருக்கவும் வேண்டும். டாம் பிட்மன் என்பவர் தாம் எழுதிய சிறிய பேசிக்கை 5 டாலருக்கு விற்று, இரண்டுக்கும் இடையே ஒரு வழி கண்டார்.

ஸ்டீவ் வாஸ்னியாக் என்னும் இளைஞர் தம் கணிப்பொறியின் மின்சுற்று வரைபடத்தை இச்சங்கத்தில் இலவசமாகவே வழங்கினார். அக்கணிப்பொறியே 1976இல் ஆப்பிள் நிறுவனத்தின் முதற் பொருளாயிற்று. வேறு உறுப்பினர் பலரும் நிறுவனம் கண்டனர். ஆனால், நேற்றுவரை அவையில் அனைத்தையும் எடுத்துரைத்தவர்கள், தொழில் இரகசியம் கருதி வாய் மூடினர். சங்கம் வளர்த்த செல்வமே சங்கத்தின் பேச்சைக் குறைத்தது. 1986 டிசம்பரில் அது முடிவுற்றது.

மாணவ நண்பர்களே, உங்கள் கல்லூரியிலும் இத்தகைய சங்கம் ஒன்றை நீங்கள் அமைக்கலாம். பெரிய கட்டடமும் நிதியும் வரட்டும் என்று காத்திருக்க வேண்டா. ஓர் அறையும் குறித்த நாளும் போதும். தெரியாததைக் கூசாமல் கேளுங்கள். தெரிந்ததை ஒளிக்காமல் சொல்லுங்கள். பிறர் உழைப்புக்கு உரிய மதிப்பைத் தவறாது அளியுங்கள்.